சாவுப் படங்களுக்குத் தனிக் கணக்கு

அம்சா மனதார மதித்தது ரொம்பக் கொஞ்சம் பேரைத்தான். அதிலும் பாதிப் பேர் செத்துப்போனவர்கள். அவர்கள் படமாக ஸ்கேனர் கண்ணாடியின் மேல் குப்புறக் கிடந்தார்கள். என்னைக் கொஞ்சம் கலராகக் காட்டு, வயிற்றைக் கொஞ்சம் குறைத்துவிடு என்று பல்லை இளிக்கவில்லை. உயிரோடு இருக்கிற உத்திரமேரூர்க்காரர்கள் யாருக்கும் அந்தப் புத்தி கிடையாது என்பது அவளுடைய முடிவு.

பஜார் தெருத் திருப்பத்தில், ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது மணி டிஜிட்டல் ஸ்டுடியோ. அம்சா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அது வெறும் மணி ஸ்டுடியோதான். காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டர் படித்தவள் ஊரில் வேறு யாரும் அகப்படாததால் முதலாளி மாசிலாமணி அவளைப் பிடித்துப் போட்டார். கம்ப்யூட்டர் வரும்வரை அவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த பிறகு சார் என்று கூப்பிடச் சொன்னார். அம்சாவும் சார் என்றுதான் கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லை அவள் இழுக்கிற இழுப்பில் மானமுள்ளவன் தூக்கு மாட்டிக்கொள்வான். மாசிலாமணிக்கு அது புரியவில்லை. புரிகிற ஆளாக இருந்தால் கடைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

வீட்டிலும் அவளுக்கு வாய்த்தது அப்படித்தான். புருஷன் ரமேஷ் வேலையை விடுவதையே ஒரு வேலையாக வைத்திருந்தான். சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் சேர்வதும், சூப்பர்வைசர் முறைத்தான் என்று மத்தியானமே பஸ் ஏறி வந்துவிடுவதும் அவனுக்குப் பழக்கம். "இன்னைக்கு யாரு மொறைச்சாங்க?" என்று கேட்டபடியே சோற்றைத் தட்டில் கொட்டுவாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். சண்டை போடக்கூடத் தெம்பில்லாத ஆள் என்று அதற்கும் அவளுக்கு ஒரு இளக்காரம்.

ஆனால் தொழிலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பறையடிக்கச் சொல்லி அனுப்புகிற கையோடு போட்டோக்காரருக்கும் சொல்லி அனுப்புவார்கள். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்க ஒரு படம். உயிரோடு இருந்தவரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத ஆட்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அதுதான் முதலும் கடைசியும். காரியத்துக்கு மாலை போட அந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணைத் திறந்துவைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுக்க வேண்டும். அதில் அம்சா கெட்டிக்காரி. மூக்கில் பஞ்சு வைத்த அசல் படத்தை மட்டும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். 'உங்ககிட்டயே இருக்கட்டுண்ணே' என்று விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி மாசிலாமணியின் பரணில் பிஸ்கட் டப்பாக்களில் ஊர்ச்சாவு அத்தனையும் நெகட்டிவாகச் சேர்ந்துகொண்டே இருந்தது.

அதை எல்லாம் ஸ்கேன் பண்ணு என்று அவர் ஒருநாள் சொன்னதற்குக் காரணம் அக்கறை இல்லை. மழையில் பரண் ஒழுகி, நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பூத்து நாற ஆரம்பித்திருந்தது. மாதக்கணக்கில் அம்சா உட்கார்ந்து அவ்வளவையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வருஷம், ஊர், செத்தவர் பேர் என்று ஒழுங்காகப் போட்டு வைத்தாள். முகங்களை அவள் பார்க்கவில்லை. அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

கம்ப்யூட்டரும் ரொம்பிப் போயிற்று. சிடியில் போட்டு வைத்ததை எறும்பு அரித்த மாதிரி ஏதோ அரித்துவிட்டது. அப்போதுதான் சென்னையிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவன் வந்து சேர்ந்தான். படங்களை இன்டர்நெட்டில் வைத்துப் பாதுகாக்கிற கம்பெனியின் ஆள். 'கிளவுட்' என்ற வார்த்தையை அந்த மாடியில் முதன்முதலாக உச்சரித்தவன் அவன்தான்.

"ரொம்ப சீப் சார். உங்க ஊர்க் கோயில் சுவத்துல கல்வெட்டு ஆயிரம் வருஷமா நிக்குதுல்ல? அந்த மாதிரி இது நிக்கும்" என்றான்.

"கல்வெட்டுக்கு பாஸ்வேர்டு கெடையாது சார்" என்றாள் அம்சா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசிக்கினு கீறோம்ல" என்றார் மாசிலாமணி.

இரண்டு விதமான கணக்கு இருந்தது. அடிக்கடி திறந்து பார்க்கிற படங்களுக்கு ஒன்று, அது விலை கூட. வைத்தால் வைத்த இடத்தில் வருஷக்கணக்கில் கிடக்கட்டும் என்கிற படங்களுக்கு இன்னொன்று, அது கிட்டத்தட்ட சும்மா கொடுப்பது போல. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை அந்த ஆள் மறைக்கவில்லை, இரண்டு தரம் சொன்னான். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒரு மெயில் வரும். அதைத் திறந்து, கணக்குக்குச் சொந்தக்காரன் இருக்கிறேன் என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மறுபடி மறுபடி எச்சரிக்கை வரும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் நாதியற்ற கணக்கு என்று மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள்.

மாசிலாமணி முகம் மலர்ந்துபோயிற்று. "அப்ப கல்யாணம், காதுகுத்து, மஞ்சத் தண்ணியெல்லாம் அந்தக் கணக்குல வெச்சிரு. சாவெல்லாம் இந்தக் கணக்குல வெச்சிரு."

"ரெண்டுக்கும் ஒரே மெயில் போதும் சார். ஒரே எடத்துல பாத்துக்கலாம்."

"இன்னாப்பா பேசற நீ? பொண்ணு மாப்ள படமும் பொணத்துப் படமும் ஒரே எடத்துலயா வெப்பாங்க?"

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது சார்."

"எனக்குத் தெரியும்ல" என்றார் மாசிலாமணி.

அப்படியாகச் செத்தவர்களுக்குத் தனி மெயில், தனி பாஸ்வேர்டு எல்லாம் ஏற்பாடாயிற்று. சுடுகாட்டுக்குத் தனிப் பாதை போடுகிற மாதிரிதான். அந்த பாஸ்வேர்டைத் தனக்குச் சொன்னால் பட்டனைத் தானே அழுத்திவிடுவதாக அம்சா சொல்லிப் பார்த்தாள். கடைச் சாவியைப் பொம்பளை கையில் கொடுப்பதா என்று அவர் சிரித்தார். எக்கேடாவது கெட்டுப் போ என்று அவள் அதோடு விட்டுவிட்டாள். படங்கள் ஏறி முடிந்ததும், பழைய நெகட்டிவிலிருந்து வெள்ளி எடுக்கிற வியாபாரி ஒருவன் வந்து பரணில் இருந்த டப்பாக்களை எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு போனான். கம்ப்யூட்டரில் இருந்த நகலையும் இடம் போதவில்லை என்று மாசிலாமணியே அழிக்கச் சொன்னார். பரணில் அவர் பேரனுக்கு வாங்கின தொட்டில் ஏறியது.

மெயில் வந்தது. வராமல் என்ன! ஆனால் அதைத் திறக்க மாசிலாமணிக்கு ஒரு நல்ல வேளை அமையவே இல்லை. காலையில் கடை திறந்ததும் சாவுப் படக் கணக்கைத் திறந்தால் போணி ஆகுமா? செவ்வாய், வெள்ளி கூடாது. அமாவாசை, கிருத்திகை கூடாது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார், அப்போது அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அது முடிந்தால் மகள் மறுபடி முழுகாமல் இருந்தாள். கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்காரன் பிணத்துக் கணக்கைத் திறக்கலாமா? பாக்கி நாட்களில் அவருக்கு மறந்துபோயிற்று. பிணத்தைப் படம் எடுத்தே வீடு கட்டினவர், பிணத்தின் பேரில் வந்த மெயிலுக்குப் பயந்தார். மனுஷ ஜாதியில் இதைவிடக் கேவலமான ஒன்றைக் காண்பது கஷ்டம்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், வைகாசியில் எல்லம்மாள் வந்தாள்.

ஏரிக்கு அந்தாண்டை இருளர் குடியிருப்பில் இருப்பவள். நடவு, களை எடுப்பது, அறுப்பு என்று எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போகிறவள். கூட அவளுடைய மகள் கலாவும் வந்திருந்தாள். மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அம்சாவும் சொல்லவில்லை.

"இன்னாம்மா வோணும்?" என்றார் மாசிலாமணி.

"எங்கூட்டுக்காரரு படம்ணா. சின்னராசு. வாலாஜாபாத்துல ரைஸ்மில்லுல செவுரு வுழுந்து செத்துட்டாரே. நீதாண்ணா வந்து எடுத்த. அப்ப இவ வயித்துல. எங்க குடிசயில மழ வந்தா சோத்துப் பானைக்கே எடமில்ல, அதால உங்கிட்டயே இருக்கட்டும்னேன், எப்ப வோணா வந்து வாங்கிக்கோன்னு சொன்னல்ல. இவளுக்குக் கண்ணாலம் வெச்சிக்கீது. புள்ளலூர் பக்கம் மாப்ள. தாலி கட்டச்சொல்ல அவரு படத்த மணையாண்ட வெக்கணும்."

கலா அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் எங்க நைனாவ பாத்ததே இல்லக்கா" என்றாள் அம்சாவிடம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. புதுத் துணி வாங்கப் போகிறவள் மாதிரி ஆசையாகச் சொன்னாள். சின்னராசு உயிரோடு இருந்தபோது படம் எடுத்துக்கொண்டதே கிடையாது. மில்லில் எடுத்த அந்த ஒன்றுதான் உலகத்திலேயே அவன் முகம் இருந்த இடம்.

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எல்லாம் பத்திரமா கீது. முந்தி மாதிரி டப்பாவுல இல்ல. உங்க வூட்டுக்காரரு இப்ப அமெரிக்காவுல கீறாரு, தெரியுமா?"

"அமெரிக்காவுலயா!" என்று கலா வாயைப் பிளந்தாள்.

"கம்ப்யூட்டர்ல. உலகமே அழிஞ்சாலும் அது அழியாது. இன்னைக்கு செவ்வாக்கெழம, தொறக்கக் கூடாது. அடுத்த வாரம் வா, ஜம்முனு போட்டுத் தரேன். வந்தது வந்த, கண்ணாலத்துக்கு ரேசன் கார்டு மாத்தணும்ல? பொண்ண ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துரலாம்."

கலாவை ஸ்டூலில் உட்காரவைத்து அம்சாதான் எடுத்தாள். ஒரு தரம் சிரித்து, சிரிக்கக் கூடாது என்றதும் கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டாள் பெண்.

மறுநாள் மாசிலாமணி சூடம் கொளுத்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினார். கணக்கே இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினார். அதே பதில்தான். அப்புறம் வழியில்லாமல் மெயிலைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே கம்பெனி அனுப்பிய மெயில்கள், ஒன்றைக்கூடத் திறக்காமல் கறுப்பாக வரிசை கட்டி நின்றன. கடைசி மெயில் போன ஐப்பசியில் வந்தது. தங்கள் கணக்கும் அதிலிருந்த கோப்புகளும் நிரந்தரமாக அழிக்கப்பட்டன என்று அதில் எழுதியிருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாக, விதி அதுதான் சார், முன்னாடியே சொல்லியிருப்போமே என்றாள். ஒன்றும் பண்ண முடியாதா என்று கேட்டதற்கு, வேண்டுமானால் புதுக் கணக்கு ஆரம்பிக்கலாம் என்றாள்.

மாசிலாமணி முதலில் கம்பெனியைத் திட்டினார். அப்புறம் டெலிபோன் ஆபீசைத் திட்டினார். அப்புறம் திரும்பி, "நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா?" என்றார். அம்சா செருப்பில் ஒட்டினதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அவர் குரல் இறங்கிப்போயிற்று.

"இத பாரு அம்சா. ஊருக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும். அந்தப் பொண்ணு அப்பன பாத்ததே இல்ல. ஆயிக்காரியும் பாத்து பதினெட்டு வருசம் ஆச்சி. ஏதாவது ஒரு ஆளு மூஞ்சிய எடுத்து மால போட்டுக் குடுத்துரு. அதுங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

"எந்த ஆளு மூஞ்சி சார்? உங்களுதா?" என்றாள் அம்சா.

வேலையை விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கலாம்தான். வேலையை விட்டெறிவதற்கு அவள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தான். அதுவுமில்லாமல் அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றது அவளுக்கு மனசை என்னவோ பண்ணியது. இந்த மூடன் கையில் விட்டால் பழைய காலண்டரில் இருந்து எவன் முகத்தையாவது பிய்த்துக் கொடுத்துவிடுவான். தான் செய்தால் ஒழுங்காகச் செய்யலாம். இப்படி நினைத்ததும் அவளுக்குத் தன் புத்தியின் மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது. பெற்றவனின் ஜாடை பிள்ளையிடம் இல்லாமல் வேறு எங்கே போயிருக்கும்? கலாவின் பாஸ்போர்ட் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். தாடையை அகலமாக்கினாள். புருவத்தைக் கனமாக்கினாள். முடியை ஒட்ட வெட்டி, நெற்றியை ஏற்றி, ஒரு முறுக்காத மீசை வைத்தாள். மில்லில் மூட்டை தூக்குகிறவன் கழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்துத் தோளைத் திருத்தினாள். வெள்ளைச் சட்டை, நீல வானம், சாமந்தி மாலை. முடிந்ததும் ஒரு மனுஷன் திரையிலிருந்து அவளைப் பார்த்தான். உயிருள்ள, நல்ல, கொஞ்சம் வெட்கப்படுகிற மனுஷன். மாசிலாமணி பின்னால் வந்து நின்று, "அடிப்பாவி, இதுதான்டி அவன்! அப்படியே கீறான்!" என்றார். சின்னராசுவின் முகம் அவருக்குத் துளியும் ஞாபகம் இல்லை என்பது அவர் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது.

அடுத்த வாரம் தாயும் மகளும் வந்தார்கள். மாசிலாமணி ஃபிரேம் போட்ட படத்தைத் தானே எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பிரைஸ் கொடுக்கிற ஹெட்மாஸ்டர் தோற்றார். கலாதான் வாங்கினாள். பார்த்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பாயிற்று.

"எம்மா! என்னாட்டமே கீறாரும்மா! மூக்கப் பாரு, வாயப் பாரு. நைனா என்ன மாதிரியேம்மா!"

"பாத்தியா? பதினெட்டு வருசமாச்சி, ஒரு பொட்டு அழியல. அதுதான் கம்ப்யூட்டர்!" என்றார் மாசிலாமணி.

அம்சாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் சந்தோஷம் தன் கைவேலை என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

எல்லம்மாள் படத்தை வாங்கினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"உங்க நைனா நீட்டு மூஞ்சிடி. ஒட்டுன கன்னம். உனக்கு அவரு ஜாடை ஒண்ணுகூட வரலன்னு நீ பொறந்தப்ப நான் அயுதேன்" என்றாள். "நீ என் ஜாடைடி. இது நான். எனக்கு மீச வெச்சிக் குடுத்துக்கீறாங்க."

அம்சா நிமிர்ந்து எல்லம்மாளைப் பார்த்தாள். இரண்டு தரம் வந்து வாசலில் நின்றவளை அப்போதுதான் பார்த்தாள். அதே மூக்கு, அதே வாய், வட்டமான அதே கன்னம். வெயிலில் கறுத்து, வயசில் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். முகங்களைப் பார்த்தே பிழைக்கிறவள், எதிரில் நின்ற ஒரு முகத்தைப் பார்க்காமல் ஒரு வாரம் உட்கார்ந்து அதையே வரைந்திருந்தாள்.

"செத்தப்பொறம் மூஞ்சி கொஞ்சம் மாறும்மா..." என்று மாசிலாமணி ஆரம்பித்தார்.

எல்லம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கூட்டுக்காரரு எங்கம்மா?" என்று அம்சாவிடம் கேட்டாள்.

"இல்ல" என்றாள் அம்சா. "தொலைச்சிட்டோம். எங்கயும் இல்ல."

எல்லம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. இவர்களிடம் வேறு எதை எதிர்பார்த்தோம் என்கிற மாதிரி ஒரு ஆட்டல். கலா படத்தைத் திரும்ப வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்மா. நல்லாதானே கீது. வெச்சிக்கிறம்மா" என்றாள்.

"வெச்சிட்டு வாடி" என்றாள் எல்லம்மாள். "உசுரோட கீற எனக்கு மால போட்டுக் குடுக்கறாங்க. அத்த வூட்டுல மாட்டி நீ வேற கும்புடணுமா?"

கலா படத்தை மேஜைமேல் வைத்தாள். வைத்த பிறகும் ஒரு விரலால் அதன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அம்மா படியில் இறங்குகிற சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

"இன்னா திமிரு பாத்தியா?" என்றார் மாசிலாமணி. "ஏதோ பாவமேன்னு செஞ்சி குடுத்தா, அதுங்க..."

மேஜைமேல் இருந்து எல்லம்மாள் மீசையோடு அம்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சா கையை நீட்டிப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.